மூளிக் காது

குடமுழுக்கு மலருக்கு இளமைக்கால நினைவு ஒன்று எழுதித் தரும்படி கோயில் கமிட்டியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்துடன், மாத இறுதிக்குள். அரசு மருத்துவமனை ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். கெடு தவறியதில்லை. பக்க அளவை மட்டும் இம்முறை மீறுகிறேன். அச்சிடுவதா வேண்டாமா என்று கூடித் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.

புகைப்படம் வாங்க வந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தை, கம்மல் போட்ட படம் ஒண்ணும் இல்லையா? புஸ்தகத்துல வருது, பாத்துக்கங்க" என்றான்.

இல்லை. என் காது மூளிக் காது. குத்தவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். வேலையில் சேர்ந்த அன்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற அன்று மாலை போட்ட கையோடும் கேட்டார்கள். தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வைத்தேன். உண்மைக் காரணம் தெரியும் என்று உங்களில் ஐந்தாறு பேராவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது தப்பு. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தவர்கள் நீங்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கப்பலூரைத் தாண்டினால் இப்போது நம் ஊர் வரைக்கும் தகரக் கொட்டகைத் தொழிற்சாலைகள். அப்போது பருத்தி. மாசி மாதத்தில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். ரசத்தில் விழும், தலையில் ஒட்டும், கொட்டாவி விட்டால் வாய்க்குள் போகும். என் தாய்மாமன் ஜின்னிங் ஆலையில் பொதி ஏற்றுகிறவர். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக, கிழவன் வேஷம் போட்டவர் மாதிரி இருப்பார். வேட்டி மடிப்பில் எனக்குச் சீனிச்சேவுப் பொட்டலம். பக்கத்தில் வந்தால் மூன்று வாடை அடிக்கும்: பருத்திக்கொட்டை, பீடி, சாராயம். எனக்கு மூன்றும் பிடிக்கும். மாமாவின் வாடை அது என்றுதான் நினைத்திருந்தேன்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சாராயம் ஒன்றும் காணாமல் போய்விடவில்லை. சோடா பாட்டிலுக்குள் குடியேறியிருந்தது, அவ்வளவுதான். மாமா காலையில் பல் விளக்கும் முன்பே ஒரு மடக்கு போடுவார். போட்டால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் பொதியில் கொக்கி மாட்டமுடியும். சண்டை போடமாட்டார், தெருவில் விழமாட்டார். அதனால் அவர் குடி யாருக்கும் உறுத்தவில்லை, என் அம்மாவைத் தவிர.

அந்த வருடம் கருப்பு கோயில் திருவிழாவான மாசிக் களரியில் எனக்குக் காது குத்துவதாக ஏற்பாடு. எனக்கு ஒன்பது வயது. பிள்ளை தங்காத வீட்டில் தங்கிய பிள்ளை என்று நேர்ந்துவிட்டு, நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். தாய்மாமன் வாங்கிவந்த கம்மல்தான் முதலில் ஏறவேண்டும். அம்மா தன் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பிள்ளைய மடியில வைக்கணும்னா கருப்பு கோயில்ல கயிறு கட்டிட்டு வா. நடுங்குற மடியில என் பிள்ளைய வைக்க மாட்டேன்."

"குத்தப்போறது ஆசாரிதானக்கா. நான் சும்மா உக்காரப் போறேன்."

"மடி ஆடுனா ஊசி எங்கிட்டுப் போவும்?"

"ஆசாரிக்கும் ரெண்டு மடக்கு ஊத்தி விட்டுருவோம். ரெண்டு ஆட்டமும் ஒண்ணா இருந்தா குறி தப்பாது."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. மாமா என் பக்கம் பார்த்துவிட்டு, "சரிக்கா, கட்டுறேன். மருமவளுக்குத்தான" என்றார்.

கயிறு கட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் மலர் வெளியூருக்கும் போகும். குடிக்கிறவன் கோயில் கிணற்றில் குளித்து, ஈரத்துணியோடு கருப்பின் முன்னால் நிற்கவேண்டும். பூசாரி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை மாசம்?" அவன் சொல்லுவான். அவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ததும், வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். அந்தக் கணத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் கருப்பு கொண்டுபோய்விடும். தொட்டுவிட்டு உயிரோடு இருந்தால் இன்னும் கேவலம்: கயிறு அறுத்தவன் கோயில் எல்லைப் புளியமரத்துக்கு இந்தப்பக்கம் வரக்கூடாது, வீட்டில் யாரும் அவனுக்கு நேராகத் தண்ணீர் கொடுக்கக்கூடாது, அபராதம் கட்டித் தீரும் வரை.

நான் வேலை பார்த்த இடத்தில் விரலைக் கீறிக்கொண்டு வந்தவனிடமும் பெயர், வயது, எப்போது, எதனால், முன்பு இப்படி ஆனதுண்டா என்று கேட்டு எழுதுவோம். நம் கோயிலில் எத்தனை மாசம் என்பதோடு விசாரணை முடிந்தது. தினமும் குடிக்கிறாயா, எத்தனை வருடமாக, காலையில் கை நடுங்குமா என்று யாரும் கேட்கவில்லை. மாமா "ஒரு வருசம்" என்றார். ஊரே கைதட்டாத குறை.

செவ்வாய்க்கிழமை கட்டினார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தனியாக இருந்தால் மனது கெடும் என்று அம்மாவின் ஏற்பாடு. என்னைக் கூப்பிட்டு, இடுப்பு மடிப்பிலிருந்து ரோஸ் தாள் மடிப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார். கம்மல். உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும், நடுவில் சிவப்புக் கல்.

"எப்பிடி?"

"போட்டுப் பாக்கவா மாமா?"

"ஓட்டை இல்லாம எங்கிட்டுப் போடுவ, கழுதை" என்று சிரித்து, மறுபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் செம்பைத் தூக்கினால் தண்ணீர் நெஞ்சில் கொட்டியது. வேர்த்து வேர்த்துப் பாய் நனைந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "கெட்டது வெளியேறுது. வேர்க்கட்டும், நல்லா வேர்க்கட்டும்" என்று விசிறியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது அந்த விசிறிதான். அவள் கெட்டவள் இல்லை. தம்பி பிழைத்துவிட்டான் என்று நம்பினாள்.

மத்தியானம் அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். மாமா என்னைக் கூப்பிட்டார். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மருமவளே, வைக்கப்படப்புக்கு அடியில, பின்பக்கம், ஒரு சோடா பாட்டில் இருக்கு. எடுத்துட்டு வா தாயி. ஒரே மடக்கு. மருந்து மாதிரி."

"சாமி கண்ணக் குத்தும் மாமா."

"சாமிக்குத் தெரியும். எனக்கு உள்ளுக்குள்ள எலும்பு ஆடுது தாயி."

போனேன். பாட்டில் இருந்தது, துணி அடைத்து. அதைக் கையில் எடுத்தபோது நான் என்னை எவ்வளவு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன் தெரியுமா? நல்ல பிள்ளைகள் செய்யும் காரியம் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அந்தப் படத்துக்குள் நான் நின்றேன். துணியைப் பிடுங்கி, முருங்கை மரத்தடியில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன். காலிப் பாட்டிலை வைக்கோலுக்குள் செருகிவிட்டு ஓடிவந்தேன்.

"இல்ல மாமா. யாரோ எடுத்துட்டாக."

என் கையில் வாடை அடித்திருக்கும். வருடக்கணக்காக அதை முகர்ந்தவர் அவர். என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரி தாயி" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் எறும்பு வந்தது. எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. பாயிலிருந்தும் கையிலிருந்தும் தட்டித் தட்டிவிட்டார். வெயில் ஏறியதும் நாய்கள் வந்தன. "வருதுக்கா, கூட்டமா வருது, கறுப்பு நாயி" என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பிறகு மூலையைக் காட்டி, "வெள்ளக் குதிரை நிக்குது பாரு, நுரை தள்ளி நிக்குது" என்றார்.

அவ்வளவுதான். நாய்களோடும் வெள்ளைக் குதிரையோடும் யார் வருவார் என்று நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த மண்குதிரையின் காலடியில் விளையாடி வளர்ந்த மனிதனுக்கு மூளை கலங்கினால் வேறெந்தக் குதிரை வந்து நிற்கும்? இப்படி யோசிக்க எனக்கு இருபது வருடம் பிடித்தது. அன்று பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே குலவை போட்டாள். கயிறு கட்டிய மூன்றே நாளில் கருப்பு இறங்கிவிட்டார் என்று ஊர் திரண்டது.

மாமாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கோயில் மேடையில் உட்காரவைத்தார்கள். திருநீறு அப்பி, சம்பங்கி மாலை போட்டார்கள். மாலையில் எறும்பு இருப்பதாக அவர் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். அதைப் பிரசாதம் என்று பொறுக்கினார்கள். நீங்களும் பொறுக்கினீர்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. "சூடு தாங்க முடியல, சத்தியமான சாமி" என்று தொட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

என் அப்பா வாயில்லாதவர். அன்று ஒரு தடவை வாயைத் திறந்தார். பூசாரியிடம் போய், "அண்ணே, மாப்ளைக்குக் காய்ச்சல் கடுமையா இருக்கு. வண்டியக் கட்டித் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோமா?" என்றார்.

பூசாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "சாமி இறங்குன உடம்புல ஊசி குத்தச் சொல்றியா? குத்திட்டு நீ ஊருக்குள்ள இருந்துருவியா?"

அப்பா பின்னால் நகர்ந்து நின்றார். சுற்றி நின்ற பெரியவர்களில் ஒருவராவது "ஆமா, அவர் சொல்றதும் சரிதான்" என்று சொல்லியிருந்தால் போதும். நான் அலுவலகத்தில் எத்தனையோ கோப்பு பார்த்துவிட்டேன். வழிமொழிய ஆள் இல்லாமல் செத்த யோசனைகளில் அதுதான் விலை கூடியது.

குறி கேட்க வரிசை நின்றது. கிணற்றில் தண்ணீர் வருமா, மகளுக்கு எப்போது கல்யாணம் முடியும், காணாமல்போன ஆடு எந்தத் திசையில் என்று கேட்டார்கள். இன்றைய கமிட்டித் தலைவர் அப்போது எட்டாம் வகுப்பு. மூன்றாவதாக நின்றீர்கள், தலைவர் அவர்களே. "பரீச்சையில பாஸாவேனா சாமி?" என்று கேட்டீர்கள். என் மாமா உங்கள் தோளைத் தட்டி, "எறும்பு, எறும்பு, தட்டி விடு" என்றார். எறும்பு மாதிரிச் சுறுசுறுப்பாகப் படித்தால் தட்டிவிடலாம் என்று பூசாரி பொருள் சொன்னார். நீங்கள் பாஸாகிவிட்டீர்கள். கருப்பின் வாக்கு என்று இன்று வரை மேடைதோறும் சொல்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்த வாக்கு, செத்துக்கொண்டிருந்த ஒருவரின் உளறல்.

கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. கண் மேலே செருகிற்று. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் குலவை அது. அதற்குப் பிறகு யார் கல்யாணத்திலும் போட்டதில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் அப்பா யாரையும் கேட்காமல் தானே மாட்டைப் பூட்டி, மாமாவை வண்டியில் ஏற்றினார். வண்டி திருமங்கலம் ரோட்டைத் தொடவில்லை. பஞ்சு படிந்த கருவேலமரம் ஒன்றின் கீழே நின்றுவிட்டது.

சாமி வந்தவன் எப்படிச் சாவான்? பூசாரிக்கும் ஊருக்கும் அது பெரிய சிக்கல். அன்று மத்தியானமே தீர்ந்தது. படப்பில் வைக்கோல் பிடுங்கப் போனவர் கையில் சோடா பாட்டில் சிக்கியது. காலி. வாடை இன்னும் போகவில்லை. "பாத்தியளா? சாமி இறங்கி எச்சரிக்கை பண்ணுச்சு. அதுக்குப் பெறகும் குடிச்சிருக்கான். கொண்டு போயிருச்சு" என்றார் பூசாரி. நேற்று மாலை போட்டவர்கள் இன்று பாடைக்குப் பக்கத்தில் வரவில்லை. நாலு பேர் கிடைக்காமல் ஆலையிலிருந்து லோடுமேன்கள் வந்து தூக்கினார்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பாட்டிலைத் தொட்ட கை என்று சாமி என்னையும் கொண்டுபோகும் என்று பயம்.

பாடை கிளம்பும் முன்பே, அறுத்த கயிற்றுக்கு அபராதம் என்றார்கள். அம்மா தம்பியின் இடுப்பு மடிப்பிலிருந்து ரோஸ் தாளை எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் கோயில் உண்டியலில் போட்டாள். தகரத்தில் அது விழுந்த சத்தம் மிகச் சின்னது. இரண்டு வருடம் கழித்து ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக் காது குத்தப் பார்த்தார்கள். ஆசாரியின் கையைக் கடித்தேன். அப்புறம் யாரும் முயலவில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனபிறகு, கட்டிவைக்க வந்த நோயாளிக் கோப்பு ஒன்றைப் படித்தேன். மூட்டை தூக்குபவர். குடியைத் திடீரென நிறுத்தி மூன்று நாள். நடுக்கம், வேர்வை, எறும்பு தெரிகிறது என்கிறார், வலிப்பு. பத்து நாள் கழித்து நலமாக வீடு திரும்பினார் என்று முடிந்திருந்தது. கோப்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன்.

"வருசக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பும்மா. டக்குனு நிறுத்துனா மூளை தாங்காது. ஆஸ்பத்திரியில வச்சுப் பக்குவமா நிறுத்தணும்" என்றார்.

"ஒரு மடக்கு குடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா சார்?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இங்க கொண்டு வந்திருந்தா பிழைச்சிருக்க வாய்ப்பு உண்டு."

அந்த ஞாயிறு ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், முருங்கை, மருத்துவர் எல்லாம். புளி ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வாய மூடு. எந்தம்பி குடிச்சுத்தான் செத்தான்."

"இல்லம்மா, அவரு குடிக்கல. நான்தான்—"

"குடிச்சுத்தான் செத்தான்னு சொல்றேன்ல? இல்லைன்னா அவன யாருடி கொன்னது? நானா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் புளியை ஆய்ந்தேன். அவள் உயிரோடிருந்த வரை என் மாமாவைக் குடிகாரனாகவே விட்டுவைத்தேன். போன வருடம் அவளும் போய்ச் சேர்ந்தாள். இனி எழுதத் தடையில்லை. எழுதுகிறேன்: என் மாமா கயிற்றை அறுக்கவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றியதால்தான் செத்தார். அந்தப் பாட்டிலைக் காலி செய்தவள் நான்.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வந்தேன். வேன்கள் நிற்கின்றன, டோக்கன் கொடுக்கிறீர்கள், குடிநீர்க் குழாய், செருப்புக்குத் தனி அறை, எல்லாம் சுத்தம். ஈரத்துணியோடு ஓர் இளைஞன் நின்றான், பக்கத்தில் மனைவி. கற்பூரத்தை அணைக்கிற கை ஆடிய ஆட்டத்தில் சுடர் அணைய மறுத்தது. இன்றைய பூசாரி, பழைய பூசாரியின் பேரன், கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற பையன், கேட்டான்: "எத்தனை மாசம்ணே?"

டோக்கன் முடிந்ததும் பூசாரியிடம் போனேன். "தம்பி, அவரு தினமும் குடிக்கிறவரான்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல? முதல்ல டாக்டரப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லலாம்ல?"

"எனக்கும் தெரியும் அத்தை. போன்லயே எம்புட்டோ பாத்திருக்கேன். ஆனா நானாச் சொன்னா, தாத்தா கட்டுன கயித்துக்குச் சக்தி இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிரும். கமிட்டி போர்டுல எழுதி வைக்கட்டும், அதக் காட்டிச் சொல்லிருவேன்."

நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி அந்த இளைஞனின் மனைவியைப் பிடித்தேன். கை நடுக்கம் கூடினாலோ, இல்லாததைப் பார்த்தாலோ, வலிப்பு வந்தாலோ சாமி என்று விட்டுவிடாதே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி என்றேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். கயிறு கட்டிய கையோடு மூளிக் காதுக்காரி எதிரே வந்தாளே, சகுனம் சரியில்லையே என்று மனதுக்குள் நினைத்திருப்பாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. டோக்கனில் பெயர் எழுதுவதில்லை.

கயிறே கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவள் என்பதால் ஆஸ்பத்திரியின் அளவும் எனக்குத் தெரியும். நடுக்கம் நின்று வீடு திரும்பியவன் அடுத்த மாதம் மறுபடி வருவான். மறுபடி அவனுக்குக் கோப்பு போடுவோம். நாலு பேர் முன்னால் நின்று ஒரு வார்த்தை கொடுக்க ஓர் இடம், செவ்வாய்தோறும் வந்து "இந்த வாரமும் தொடல சாமி" என்று சொல்ல ஒரு வாசல், இதற்கெல்லாம் எந்த மருத்துவரும் சீட்டு எழுத முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் அந்த வாசலைத் தவறியவனுக்கு அடைத்து வைத்திருக்கிறீர்கள். புளியமரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் போட்டாயிற்று. கயிறு அறுத்தவன் இன்னும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நிற்கிறான். ஒரு நாள் சறுக்கியவன் போக வேறெங்கே இடம் இருக்கிறது? குடித்த இடத்துக்கே போகிறான்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு வரி. கோயில் வாசலில், குனியாமல் படிக்கிற உயரத்தில் எழுதி வையுங்கள்: "தினமும் குடிப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து கயிறு கட்டவும். கயிறு அறுத்தவர்களும் உள்ளே வரலாம்."

நன்கொடையாளர் கல்வெட்டில் என் பெயருக்கு இடம் விட்டிருப்பதாகவும், தொகைதான் வரவில்லை என்றும் புகைப்படம் வாங்க வந்த பையன் சொன்னான். வந்துவிட்டது. சிவப்புக் கல் வைத்த கம்மல் ஒரு ஜோடி, அந்த மாசியிலேயே உங்கள் உண்டியலில் சேர்ந்துவிட்டது. ரசீது தரவில்லை; கேட்கவும் இல்லை. இரண்டு வரிக்கு வாசலில் இடம் போதாது என்றால், என் பெயருக்கு விட்டிருக்கும் இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.